ஏரிக்கரையில் ஒரு துறைமுகம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேசுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகளின் கண் மேசைமேல் அடுக்கியிருக்கும் பரிசுகள்மேல் இருக்கும். பெரியவர்களின் மூக்கு பின்கட்டில் வேகும் மீகூன் பக்கம் இருக்கும். நடுவில் ஒருவன் நின்று பேசவேண்டும். ஆகவே அறிவுரை எதுவும் சொல்லப்போவதில்லை. ஓர் ஊரின் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஏன் ஊர்க்கதை என்று கேட்பீர்கள். நான் பல ஆண்டுகள் பூகோளம் கற்றுக்கொடுத்தவன். ஒருநாள் ஒரு மாணவனின் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், கோபக்காரர் அல்ல. "வாத்தியாரையா, பையன் கணக்குப் படிச்சா நாளைக்கு ஆபீசு வேலைக்குப் போவான். இந்த ஆப்பிரிக்கா, ஏரி, மலை, இதையெல்லாம் படிச்சி அவன் என்னங்க செய்யப் போறான்? அங்கேயா போகப்போறான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இன்று இந்த மேடையில் அந்தப் பதிலைச் சரியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் சொல்லப்போகும் ஊரின் பெயர் கிகோமா. கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நானும் அங்கே போனதில்லை. ஆனால் அந்த ஊர் நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல என்பதைப் போகப்போகப் பார்ப்பீர்கள்.

கடலில்லாத துறைமுகம்

பிள்ளைகளே, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மலாக்கா நீரிணையைத் தாண்டி, இந்துமாக் கடலில் மேற்கே மேற்கே போனால் ஆப்பிரிக்கக் கரை வரும். அங்கே தாருஸ்ஸலாம் என்றொரு பெரிய துறைமுகம். இறங்கி ரயில் ஏறவேண்டும். அது நம் மலாயா ரயிலைப் போலவே ஒரு மீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடும் ரயில். பொட்டல் வெளி, முட்புதர், மேட்டுநிலம் என்று ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் போகவேண்டும். இரண்டு நாள் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலைச்சரிவில் வண்டி இறங்கும். அங்கே தண்டவாளம் முடிந்துவிடும். முன்னால் பார்த்தால் தண்ணீர்! எதிர்க்கரையில் நீலமாக மலைகள். கரையில் பாரந்தூக்கிகள், கிடங்குகள், கப்பல்கள். அதுதான் கிகோமா.

கடற்கரையிலிருந்து இத்தனை தூரம் உள்ளே வந்த பிறகு துறைமுகமா? ஆமாம். அந்தத் தண்ணீர் உப்பில்லாத தண்ணீர். அதுதான் தங்கனீக்கா ஏரி.

ஏரி என்றவுடன் நம் தைப்பிங் ஏரியை நினைத்துவிடாதீர்கள். இந்த ஏரியின் நீளம் 670 கிலோமீட்டருக்கு மேல். ஜொகூர் பாருவில் புறப்பட்டு நெடுஞ்சாலையில் பினாங்குவரை போகும் தூரம். அகலம் சராசரியாக 50 கிலோமீட்டர். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 32,900 சதுரக் கிலோமீட்டர். நம் பகாங் மாநிலத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆழமோ 1,470 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் உச்சி நனைந்துபோகும். சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு அடுத்தபடி உலகிலேயே ஆழமான ஏரி இதுதான். ஏரியின் மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அடித்தரையோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 700 மீட்டரில் கிடக்கிறது.

இவ்வளவு ஆழம் எப்படி வந்தது? பூமியின் மேல்தட்டு அங்கே கிழக்கும் மேற்குமாக மெல்ல மெல்ல இழுபட்டுப் பிளக்கிறது. பழைய வேட்டியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் கிழிகிறதல்லவா, அப்படி. பிளந்த இடத்தில் தரை கீழே இறங்கிப் பள்ளமாகிவிட்டது. பள்ளத்தில் ஆறுகள் வந்து விழுந்து, கோடி வருஷக் கணக்கில் நீர் தேங்கி ஏரியாகிவிட்டது. அதனால்தான் அது அகலங்குறைந்து நீண்டு, செங்குத்தான கரையோடு கிடக்கிறது. தான்சானியா, புருண்டி, காங்கோ, சாம்பியா ஆகிய நான்கு நாடுகள் அதைச் சுற்றி இருக்கின்றன. கரையோரம் பல இடங்களில் மலை நேரே தண்ணீரில் இறங்குவதால் சாலை போட இடமில்லை. அங்கெல்லாம் ஏரிதான் சாலை, படகுதான் பஸ். அந்தச் சாலையில் ரயில் வந்து தொடும் இடம் கிகோமா. ஒரு துறைமுகம் பிறக்க வேறென்ன வேண்டும்?

மூத்த ஊர் உஜிஜி

ஆனால் கிகோமா இளைய ஊர். அதற்குத் தெற்கே, பக்கத்திலேயே உஜிஜி என்ற மூத்த ஊர் இருக்கிறது. இன்று இரண்டும் சேர்ந்து ஒரே நகராட்சி. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே கிகோமா ஒரு மீனவர் துறை. உஜிஜிதான் சந்தை. ஏரிக்கு அக்கரையிலிருந்து யானைத் தந்தம் வரும். ஊவின்சா என்ற இடத்து உப்பு வரும். கடற்கரையிலிருந்து துணியும் பாசிமணியும் வரும். இவற்றோடு மனிதர்களும் விற்பனைக்கு வந்தார்கள். ஆமாம், அம்மா. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் பிடித்துக் கட்டி, ஏரியைக் கடத்தி, உஜிஜி வழியாகக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கடற்கரை ஊரான பகமோயோவுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கழுத்தில் கட்டை, தோளில் தந்தம். வழியில் விழுந்தவர்கள் விழுந்ததுதான். சான்சிபார்த் தீவின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் உள்நாட்டில் அந்தக் கொடுமை உடனே ஓய்ந்துவிடவில்லை.

உலகச் சரித்திரத்தில் உஜிஜிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரப் பயணிகள். 1858 பிப்ரவரியில் பர்ட்டன், ஸ்பீக் என்ற இருவர் அங்கே வந்து ஏரியைப் பார்த்தார்கள். 1871இன் பிற்பகுதியில், நோயாளியாகி, கைப்பொருளும் இல்லாமல் அங்கே தங்கியிருந்த டேவிட் லிவிங்ஸ்டனை, ஒரு பத்திரிகை அனுப்பிய ஸ்டான்லி என்பவர் தேடிக் கண்டுபிடித்தார். அவர்கள் சந்தித்த இடத்தில் இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது. பக்கத்தில் மாமரங்கள். மா நம் இந்திய நாட்டு மரம். வணிகர்களோடு கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போன மரம்.

இந்தக் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் கேட்பது வேறு. ஸ்டான்லி கடற்கரையை விட்டு 1871 மார்ச்சில் புறப்பட்டார். உஜிஜிக்கு வந்துசேர எட்டு மாதம் பிடித்தது. வண்டிப் பாதை கிடையாது. மாடும் குதிரையும் வழியில் ஒருவகை ஈயின் கடியால் நோய்கண்டு செத்துவிடும். அப்படியானால் அவருடைய கூடாரம், துணிமூட்டை, துப்பாக்கி, மருந்துப் பெட்டி, படகு இவையெல்லாம் எப்படி வந்தன?

மனிதன் தலையில் வந்தன, ஐயா.

சுமைதூக்குகிறவர்களை அங்கே சுவாஹிலி மொழியில் பகாஸி என்பார்கள். பெரும்பாலோர் நியாம்வேசி இனத்தவர். கூலிக்கு நடந்த கெட்டிக்காரர்கள். ஒருவர் சுமை ஏறத்தாழ 30 கிலோ. காண்டாக் கம்பில் இரண்டு வாளி பாலைத் தொங்கவிட்டுக் கொட்டகைக்கு நடந்த பெரியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்தக் கனம் உங்கள் தோளுக்குத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் நடக்கவேண்டும். ஏரியைக் "கண்டுபிடித்தவர்" என்று ஒருவர் பெயரை எழுதுகிறோம். அவருக்கு முன்னால் வழிகாட்டி நடந்தவனும், பின்னால் சுமை தூக்கி நடந்தவனும் அந்த ஏரியை முன்பே அறிந்தவர்கள்!

நல்லவேளையாகச் சில பெயர்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சீதி முபாரக் பம்பாய் என்று ஒருவர். சிறு வயதிலேயே பிடித்து விற்கப்பட்டு, ஒரு குஜராத்தி வணிகருக்கு அடிமையாக இந்தியாவுக்குப் போனவர். அந்த முதலாளி இறந்தபின் விடுதலையாகி ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். பம்பாய் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பர்ட்டன், ஸ்பீக் கூட்டத்தோடு உஜிஜிக்கு வந்தவர். பிறகு ஸ்டான்லியோடும் வந்தவர். ஸ்பீக்கும் அவரும் பேசிக்கொண்டது என்ன மொழி தெரியுமா? இந்துஸ்தானி! 1876இல் லண்டன் அரச பூகோளச் சங்கம் அவருக்கு வெள்ளிப் பதக்கமும் உதவித்தொகையும் அளித்தது.

இன்னும் இருவர் சூமாவும் சூசியும். லிவிங்ஸ்டன் 1873 மே மாதம் இன்றைய சாம்பியா நாட்டில் ஒரு சிற்றூரில் இறந்தார். அவருடைய ஆட்கள் இதயத்தை அந்த மண்ணில் புதைத்துவிட்டு, உடலைப் பதப்படுத்திக் கட்டி, ஏறத்தாழ ஒன்பது மாதம் தூக்கி நடந்து பகமோயோவில் சேர்த்தார்கள். கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் இவர்கள் இருவர். 1874 ஏப்ரலில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரிய மரியாதையோடு அடக்கம் நடந்தது. அன்று சூமாவும் சூசியும் அங்கே இல்லை. அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

ஊர் இடம் மாறிய விதம்

சந்தையும் புகழும் உஜிஜியில் இருக்க, துறைமுகம் ஏன் கிகோமாவுக்குப் போயிற்று? இங்கேதான் பூகோளம் வேலை செய்கிறது.

தங்கனீக்கா ஏரிக்கு வெளிவாய்க்கால் ஒன்றே ஒன்று. மேற்குக் கரையில் லுகுகா என்ற ஆறு. அந்த வாய் மண்ணும் செடியும் அடைத்து மூடிக்கிடந்த காலத்தில் ஏரி ஏறிக்கொண்டே வந்தது. 1878 வாக்கில் அடைப்பு உடைத்துக்கொண்டது. நம் ஊர்க் கால்வாயில் அடைத்த குப்பையை எடுத்துவிட்டால் தண்ணீர் எப்படிப் போகும்? அப்படிப் போயிற்று. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஏரிமட்டம் சுமார் பத்து மீட்டர் இறங்கிவிட்டது. உஜிஜியின் கரை சரிவு குறைந்த கரை. ஆகவே தண்ணீர் தூரம் விலகிப்போய்விட்டது. ஸ்டான்லியும் லிவிங்ஸ்டனும் சந்தித்த காலத்தில் ஏரிக்கு அருகே இருந்த இடம் இன்று கரையிலிருந்து தள்ளி நிற்கிறது. பெரிய கப்பல் அங்கே அண்ட முடியாது. கிகோமாவிலோ குன்றுகள் கைகோத்தாற்போலச் சூழ்ந்த ஆழமான குடா. காற்றும் அலையும் அடங்கிய இடம். ஜெர்மானியர்கள் அதைப் பார்த்துத்தான் ரயிலை அங்கே கொண்டுபோனார்கள்.

அந்த நாடு அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. தாருஸ்ஸலாமில் 1905இல் தொடங்கிய ரயில் பாதை 1914 பிப்ரவரியில் கிகோமாவைத் தொட்டது. பாதை போட்டவர்களில் நிறையப் பேர் அதே நியாம்வேசி மக்கள். தகப்பன் சுமை தூக்கி நடந்த வழியில் மகன் தண்டவாளம் போட்டான். பாதை முடிந்ததும் தூரதேசத்துச் சுமைவேலையும் அதோடு முடிந்தது.

பெட்டியில் வந்த கப்பல்

இனி, பிள்ளைகள் விரும்பும் கதை. ஏரியில் ஓட ஒரு பெரிய கப்பல் வேண்டும். கடலிலிருந்து ஏரிக்கு ஆற்றுவழி கிடையாது. என்ன செய்வது?

ஜெர்மனியில் பாப்பன்பர்க் என்ற ஊரில் 1913இல் கப்பலைக் கட்டினார்கள். சுமார் 70 மீட்டர் நீளம். கட்டி முடித்ததும் ஒவ்வோர் ஆணியாகக் கழற்றினார்கள்! பிறகு ஏறத்தாழ 5,000 மரப்பெட்டிகளில் அடைத்து, கடல்வழியாகத் தாருஸ்ஸலாம், அங்கிருந்து ரயிலில் கிகோமா. ஏரிக்கரையில் வைத்து மறுபடியும் பூட்டி, 1915 பிப்ரவரி 5ஆம் நாள் தண்ணீரில் இறக்கினார்கள். கிராஃப் ஃபொன் கோட்சன் என்று அதற்குப் பெயர்.

அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. பிரிட்டிஷார் சும்மா இருப்பார்களா? அவர்களும் இரண்டு சிறு போர்ப்படகுகளைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இறக்கி, ரயிலிலும், நீராவி எந்திரத்தாலும், மாடுகளாலும், மனிதர்களாலும் காங்கோ மலைகளைத் தாண்டி இழுத்துவந்து ஏரியில் விட்டார்கள். 1915 டிசம்பரில் ஒரு ஜெர்மன் படகைப் பிடித்தார்கள். 1916 பிப்ரவரியில் இன்னொன்றை மூழ்கடித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பெல்ஜியப் படை கிகோமாவை நெருங்கியபோது, ஜெர்மானியர் தங்கள் பெரிய கப்பலைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு விலகினார்கள். ஆனால் அதைக் கட்டிய தொழிலாளிகளுக்கு மனசு வரவில்லை. எந்திரங்கள் துருப்பிடிக்காதபடி கெட்டியாகக் கொழுப்பைப் பூசிவிட்டு மூழ்கடித்தார்கள். 1924இல் பிரிட்டிஷார் தூக்கிப் பார்த்தபோது எந்திரம் நன்றாக இருந்தது. 1927இல் லியம்பா என்ற புதுப்பெயருடன் மறுபடியும் ஓடிற்று. நூறு வயதைத் தொட்டபோதும் அது ஏரியில் ஓடிக்கொண்டிருந்தது. கை சுத்தமாகச் செய்த வேலை எட்டு வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்தும் கெடவில்லை. தொழில் செய்கிறவர்களுக்கு இது புரியும்.

அந்தப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் இரு தரப்புப் படைகளுக்கும் உணவும் குண்டும் சுமந்தவர்கள் மறுபடியும் ஆப்பிரிக்கச் சுமைகாரர்கள்தான். ரயில் எட்டாத இடமெல்லாம் அவர்கள் தலை எட்டியது. பசியாலும் நோயாலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். போர்ப்படகுகளின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லறைகூடக் கிடையாது.

நெத்திலியும் செம்பனையும்

போருக்குப் பின் நாடு பிரிட்டிஷார் பொறுப்பில் வந்தது. 1961 டிசம்பர் 9இல் தங்கனீக்கா சுதந்திரம் பெற்றது. 1964இல் சான்சிபாருடன் சேர்ந்து தான்சானியா ஆயிற்று. கிகோமா தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. காங்கோவுக்கும் புருண்டிக்கும் போகிற சரக்கு அங்கே ரயிலிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறும்.

ஊர் மக்களின் பிழைப்பு என்ன? முதலாவது மீன். டகா என்று ஒரு சிறு மீன். பார்த்தால் நம் நெத்திலிக்குத் தங்கை என்பீர்கள். நிலவில்லாத இரவில் படகுகளில் விளக்கேற்றிக்கொண்டு போவார்கள். பண்டு தீப்பந்தம், பிறகு காற்றடிக்கும் கேஸ்விளக்கு, இப்போது மின்கல விளக்கு. வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும் மீனை வலைபோட்டுத் தூக்குவார்கள். கரையிலிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் கார்த்திகை விளக்கு வைத்தாற்போல இருக்குமாம். விடிந்ததும் பெண்கள் மணலிலும் கல்லிலும் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்த மீன் மூட்டையாகி ரயிலேறும்.

இந்த மீனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏரியின் ஆழத்து நீரில் உயிர்க்காற்று இல்லை. ஆனால் சத்து எல்லாம் அங்கேதான் படிந்து கிடக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசி மேல்நீரைத் தள்ளும்போது, அடியிலிருந்து சத்துநீர் மேலே வரும். அதில் பாசி வளரும். பாசியை நுண்ணுயிர் தின்னும், அதை மீன் தின்னும். உலகம் சூடாகச் சூடாக மேல்நீர் வெதுவெதுப்பாகி, அடிநீரோடு கலப்பது குறைந்துவருகிறது. பிடிப்பவர் தொகையும் கூடிவிட்டது. அதனால் 2024இல் மீன் பெருகட்டும் என்று மூன்று மாதம் ஏரி மீன்பிடிப்பை நிறுத்திவைத்தார்கள். அடுப்பெரிய மீனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு மூன்று மாதம் எவ்வளவு நீளம் என்பதை அடைமழையில் மரம் வெட்ட முடியாமல் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிழைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். செம்பனை! கிகோமா வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு செம்பனை நிற்கும். நெட்டையாக வளர்ந்த பழையவகை மரங்கள். பெண்கள் பழத்தை வேகவைத்துப் பிழிந்து சிவப்பு எண்ணெய் எடுப்பார்கள். மவேசே என்று பெயர். டகா மீனை அதில் போட்டுச் சமைப்பார்கள். செம்பனை ஆப்பிரிக்காவின் சொந்த மரம். அங்கிருந்து ஜாவா வழியாக நம் நாட்டுக்கு வந்து, 1917இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வாணிபத்துக்கு நடப்பட்டது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். காட்டை வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்தவர்கள் நீங்களும் உங்கள் தாய் தகப்பனும். இன்று தான்சானியா தன் தேவைக்கான சமையல் எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதில் மலேசியச் செம்பனை எண்ணெயும் உண்டு. தாய்வீட்டு மரத்தின் எண்ணெய் கடல் கடந்து, பிறகு தாய்வீட்டுக்கே விலைக்குப் போகிறது! 2018 முதல் கிகோமாவில் நல்ல ரகக் கன்றுகளைப் பெருக்க அவர்கள் அரசாங்கம் முயன்றுவருகிறது. ஆக நம் தோட்டத்துக் குலைக்கும் அந்த ஏரிக்கரைச் சட்டிக்கும் ஒரு நூல் ஓடுகிறது. பூகோளம் படித்தால்தான் அந்த நூல் கண்ணுக்குத் தெரியும்.

கதவைச் சாத்தாத ஊர்

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கிகோமா பணக்கார ஊர் அல்ல. ஆனாலும் அக்கம்பக்கத்து நாட்டில் சண்டை வந்தபோதெல்லாம் சனங்கள் ஓடிவந்தது அங்கேதான். 1960இல் காங்கோவில் கலகம் நடந்தபோது பெல்ஜியர்கள் ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில்தான் சிம்பன்சிக் குரங்குகளை ஆராய வந்த ஜேன் குடால் என்ற இளம்பெண், கிகோமாவில் காத்திருந்து, அகதிகளுக்கு ரொட்டி தயாரித்துக் கொடுத்துவிட்டு, ஜூலை 14ஆம் நாள் வடக்கே இருக்கும் கொம்பே காட்டுக்குப் படகில் போனார். 2025இல் மறையும்வரை உலகம் அவரைப் போற்றியது. 1972இலும் 1993இலும் புருண்டி மக்கள் வந்தார்கள். 1996இல் காங்கோ மக்கள் வந்தார்கள். 2015 மே மாதம் புருண்டியிலிருந்து மறுபடியும் ஆயிரமாயிரமாக எல்லையோரக் கரையில் வந்து குவிந்தார்கள். அங்கே சாலை கிடையாது. அவர்களை ஏற்றிக் கிகோமாவுக்குக் கொண்டுவந்தது எந்தக் கப்பல் தெரியுமா? பெட்டியில் வந்த அதே லியம்பா! போர்க்காலத்தில் தண்ணீரில் இறங்கிய கப்பல், நூறாவது வயதில் போரிலிருந்து தப்பியவர்களைச் சுமந்தது.

அந்தத் தகப்பனாருக்குப் பதில்

என் கதை முடிந்தது. தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன்.

அன்று அவரிடம் நானும் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, உங்க அப்பா என்ன வேலை பார்த்தாரு?" அவர் சொன்னார்: "ரயில் லயத்துல இருந்தாருங்க. தண்டவாளத்துக்குக் கட்டை போடுற வேலை." "எந்த இடத்துப் பாதை?" கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலீங்க. அவரும் சொல்லல, நானும் கேக்கல. செத்து ரொம்ப வருசமாச்சி." அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்கும் மனசு கனத்துப்போயிற்று. ஏனென்றால் என் பாட்டன் காட்டில் எந்தப் பக்கம் முதல் வெட்டு வெட்டினார் என்பது எனக்கும் தெரியாது.

கிகோமாவின் சரித்திரத்தைப் படித்து நான் கற்றது இதுதான். ஊரைக் கண்டுபிடித்தவன் பெயர் இருக்கிறது, ஆண்டவன் பெயர் இருக்கிறது, கப்பலுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. ஆயிரம் மைல் தூக்கிவந்தவன் பெயர் இல்லை. எங்கேயோ இரண்டு மூன்று பெயர் பிழைத்தது என்றால், யாரோ ஒருவர் கேட்டு எழுதிவைத்ததால் பிழைத்தது. தகப்பனார் கேட்ட கேள்விக்கு என் பதில், பையன் ஆப்பிரிக்காவுக்குப் போவதற்காக இதைப் படிக்கவில்லை. அந்த ஊரைப் பார்க்கப் பழகிய கண்ணால் தன் ஊரைப் பார்க்கத்தான் படிக்கிறான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ரயில் ஏன் இந்த வழியாகப் போகிறது, லயம் ஏன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது, இதையெல்லாம் யார் தோளில் கட்டினார்கள் என்று கேட்கிற பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

நம் தோட்டங்கள் பல துண்டாகிவிட்டன. லயங்கள் இடிபட்ட இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கினவர்களும் வாங்காதவர்களும் எனக்கு ஒரு காரியம் செய்யுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியோ தாத்தாவோ, அவர்கள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெரியவரோ, யாரையாவது உட்காரவைத்துக் கேளுங்கள். பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த நிரை, என்ன வேலை, என்ன சம்பளம். "எனக்கு என்னடா சரித்திரம்?" என்று பாட்டி சொல்வார். விடாதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். தலைமையாசிரியர் அவர்களிடம் பேசிவிட்டேன். அடுத்த ஆண்டு இந்த மலரில் நன்கொடையாளர் பட்டியலுக்கு முன்னால் அந்தப் பக்கங்கள் வரும்.

ரயில் பாதையில் கட்டை போட்டவரின் பேரன் இன்று இங்கே பரிசு வாங்கப்போகிறான். அவன் தகப்பனாரும் வந்திருக்கிறார். ஐயா, உங்கள் தகப்பனார் பெயரையாவது பையனிடம் சொல்லுங்கள், அவன் எழுதிக்கொள்ளட்டும். மிச்சத்தை நாம் தேடுவோம்.

 மீகூன் ஆறிப்போகும் முன் முடித்துக்கொள்கிறேன்.